ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: ரம்மியில் சீட்டு இறக்கும் கணக்கு

சரக்கு வாங்குவது பற்றியும் விற்பது பற்றியும் நம்மவர்கள் நிறையப் பேசுகிறார்கள். வேண்டாததை எப்போது, எப்படிக் கழிப்பது என்பது பற்றிப் பேசுவோர் குறைவு. அந்தப் பாடத்தை நாம் கற்றது கடையில் அல்ல, ரம்மி ஆட்டத்தில். பணம் வைத்து ஆடச் சொல்லி இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறோம். அதைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்பர்கள் அதுவரை பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

மீட்டர் கேஜ் வண்டி ஓடிய நாளில், மேல்பட்டாம்பாக்கம் ஸ்டேஷனில் விடியற்காலையில் வியாபாரிகள் நான்கைந்து பேர் ஏறுவோம். விழுப்புரத்தில் வண்டி மாறிச் சென்னை கொத்தவால் சாவடிக்குப் போவது வழக்கம். பண்ருட்டி வருவதற்குள் மடிமேல் துண்டு விரித்துச் சீட்டு கலைத்தாகிவிடும். தோற்றவர் விழுப்புரத்தில் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அவ்வளவுதான் பந்தயம். நாம் அப்போது இருபது வயதுப் பையன். எங்களோடு வந்த எண்ணெய் வியாபாரி ஒருவரை எல்லோரும் மாமா என்றே கூப்பிடுவோம். அவர் அடிக்கடி ஜெயிப்பவர் என்று சொல்ல முடியாது. ஆனால் டீ வாங்கித் தந்தது மிக அபூர்வம்.

ஒரு நாள் அவரிடம் கேட்டோம், "மாமா, உங்களுக்கு மட்டும் எப்படி நல்ல சீட்டாவே வருது?" அவர் சிரித்தார். "தம்பி, எடுக்கிற சீட்டு ஆண்டவன் குடுக்கிறது. போடுற சீட்டு நீ குடுக்கிறது. நீ எடுக்கிறதை மட்டும் பாக்குற. நான் போடுறதைப் பாக்குறேன்" என்றார். இந்தக் கட்டுரை அந்த ஒரு பேச்சின் விளக்கம்தான்.

ஆட்டத்தின் அளவு

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். நம் பக்கம் ஆடுவது 13 சீட்டு ரம்மி. இரண்டு கட்டு சேர்த்தால் 104 சீட்டு. ஆகவே ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. அச்சிட்ட ஜோக்கர் சேர்த்துக்கொள்வது மேசையைப் பொறுத்தது. அதோடு ஒரு சீட்டை வெட்டித் திருப்பி வைத்தால், அந்த எண் கொண்ட சீட்டெல்லாம் அந்த ஆட்டத்துக்கு ஜோக்கர்.

ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது ஒரு சீட்டு எடுத்து ஒரு சீட்டு போட வேண்டும். கட்டிலிருந்தும் எடுக்கலாம், முன்னவர் திறந்து போட்டதையும் எடுக்கலாம். ஒரே பூவில் வரிசையாக வருவது சீக்வென்ஸ், ஒரே எண் வெவ்வேறு பூவில் வருவது செட். குறைந்தது இரண்டு சீக்வென்ஸ் வேண்டும். அவற்றில் ஒன்று ஜோக்கர் கலவாத ஒரிஜினலாக இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தவர் டிக் அடிப்பார். மற்றவர்கள் கையில் சேராமல் நிற்கும் சீட்டு அவர்களுக்குப் புள்ளியாக ஏறும். ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி ஒவ்வொன்றும் 10 புள்ளி. எண் சீட்டுக்கு அதன் எண்ணே புள்ளி, ஜோக்கருக்குப் புள்ளி இல்லை. ஒரிஜினல் சேராவிட்டால், செட் சேர்ந்திருந்தாலும் ஜோக்கர் இருந்தாலும் கை முழுவதும் எண்ணப்படும். மிக அதிகம் 80 புள்ளி.

நமக்கு முன் ஆடுபவரை மேல்கை என்றும், நமக்குப் பின் ஆடுபவரைக் கீழ்க்கை என்றும் இனிச் சொல்வோம். மேல்கை போடுவது நமக்கு வரும், நாம் போடுவது கீழ்க்கைக்குப் போகும். மேசையில் ஆறு பேர் இருந்தாலும் நம் கணக்கு முக்கியமாக இந்த இருவரோடுதான்.

நீதிமன்றம் கண்ட திறமை

சீட்டாட்டம் என்றாலே குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வி நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. செகந்திராபாத்தில் கிரசென்ட் ரிக்ரியேஷன் கிளப் என்ற மன்றத்தில் ரம்மி ஆடிக்கொண்டிருந்தவர்களை 1963இல் போலீசார் பிடித்தனர். வழக்கு ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்யநாராயணா என்பவருக்கும் இடையே உச்ச நீதிமன்றத்தில் நடந்து, 1967 நவம்பர் 22ஆம் தேதி தீர்ப்பானது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி இதயத்துல்லா.

மூன்று சீட்டு போன்ற ஆட்டம் முழுக்க அதிர்ஷ்டத்தைச் சேர்ந்தது, ரம்மி அப்படிப்பட்டதல்ல என்று நீதிமன்றம் கருதியது. அதற்குச் சொன்ன காரணத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது, எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்பதில் கணிசமான திறமை வேண்டியிருக்கிறது என்பதே அந்தக் காரணம். சீட்டு கலைத்துப் போடுவதில் அதிர்ஷ்டம் இருந்தாலும், ஆட்டத்தின் பெரும்பகுதி திறமையே என்று முடிவு செய்தார்கள். அதே தீர்ப்பில், அந்த ஆட்டத்தை வைத்து யாராவது லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் எச்சரித்தார்கள்.

எங்கள் மாமா ரயிலில் சொன்னதும் இதுவே.

போடும் முன் மூன்று கேள்வி

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. சீட்டைக் கீழே வைக்கும் முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இது நமக்கு எவ்வளவு பயன்படும்? கீழ்க்கைக்கு எவ்வளவு பயன்படும்? இப்போதே யாராவது டிக் அடித்தால் இதன் எடை எவ்வளவு? பெரும்பாலோர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

முதல் கேள்வி: நமக்கு என்ன பயன்?

கையில் ஐந்தும் ஆறும் ஒரே பூவில் இருந்தால் நான்கு வந்தாலும் சேரும், ஏழு வந்தாலும் சேரும். இரண்டு கட்டில் அவை மொத்தம் 4 சீட்டு. ஐந்தும் ஏழும் இருந்தால் ஆறு மட்டுமே வேண்டும். அது 2 சீட்டுதான். ஆஸும் இரண்டும் இருந்தால் மூன்று மட்டுமே, அதுவும் 2 சீட்டு. ராஜாவும் ராணியும் இருந்தால் ஜாக்கி வரலாம், ஆஸ் வரலாம், ஆக 4 சீட்டு. ஆஸும் ராஜாவும் இருந்தால் ராணி ஒன்றே வழி, மறுபடி 2 சீட்டு. ஆகவே ஜோடி என்று எல்லாவற்றையும் ஒரே மதிப்பில் வைப்பது தவறு. உளுந்து மூட்டையும் உப்பு மூட்டையும் ஒரே உயரம் என்பதால் ஒரே விலை ஆகிவிடாது.

வெவ்வேறு பூவில் இரண்டு எட்டு இருந்தால் மற்ற இரண்டு பூவின் எட்டும் வேண்டும், 4 சீட்டு. அதோடு ஓர் எட்டின் பூவிலேயே ஏழும் கையில் இருந்தால், இந்த மூன்று சீட்டும் சேர்ந்து 8 சீட்டுக்குக் காத்திருக்கும். அந்த எட்டின் பூவில் ஆறும் ஒன்பதும் நான்கு, மற்ற இரு பூவின் எட்டு நான்கு. இப்படி இரண்டு பக்கம் வேலை செய்யும் சீட்டை நடுவில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒரே பூவில் இடைவெளி விட்டு மூன்று இருந்தால் ஆறும் எட்டும் உதவும். அது ஓட்டையாகத் தோன்றினாலும், ஐந்தும் ஆறும் சேர்ந்திருப்பதற்குச் சமமான 4 சீட்டு தரும்.

இரட்டைச் சீட்டில் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு கட்டு ஆட்டத்தில் ஆட்டின் ஆறு இரண்டு கைக்கு வரலாம். ஒரே பூ என்பதால் அந்த இரண்டையும் ஒரே செட்டில் வைக்க முடியாது. இரண்டுக்கும் தனித்தனியாகச் சீக்வென்ஸ் சேர்வதும் அரிது. ஒன்று இருக்க இன்னொன்று தேங்கிய சரக்கு. அதைக் கழிக்கத் தயங்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னே நிற்பது ஒரிஜினல். அது சேரும் வரை, ஒரிஜினல் ஆகக்கூடிய ஜோடியைக் கலைத்து செட் ஜோடியைக் காப்பாற்றக் கூடாது. கடை வாடகை கட்டாமல் கண்ணாடி அலமாரி வாங்குவது போன்றது அது.

இரண்டாம் கேள்வி: கீழ்க்கைக்கு என்ன பயன்?

கீழ்க்கை திறந்த சீட்டை எடுக்கும்போது தன் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டுகிறார் என்று பொருள். கட்டிலிருந்து எடுத்தது யாருக்கும் தெரியாது. திறந்ததை எடுத்தால் ஊருக்கே தெரியும். அவர் இஸ்பேட் ராணி எடுத்தார் என்றால், இஸ்பேட் பத்து முதல் ஆஸ் வரை உள்ள சீட்டும் மற்றப் பூவின் ராணிகளும் அன்றைக்கு அவருக்குத் தராத சரக்கு. இதே காரணத்தால் நாமும் திறந்த சீட்டை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது. எடுத்தால் ஒரு வரிசை முடிய வேண்டும், அல்லது ஒரிஜினல் சேர வேண்டும். ஜோடி சேர்க்க மட்டும் எடுப்பது, நம் கொள்முதல் விலையை எதிர்க்கடைக்காரரிடம் சொல்வது போன்றது.

அவர் எடுத்ததைப் போலவே அவர் போட்டதும் செய்திதான். கிளாவர் ஒன்பதைப் போட்டவருக்கு இன்னொரு கிளாவர் ஒன்பது பெரும்பாலும் வேண்டியிராது. மற்ற ஒன்பதுகளும் ஓரளவு பத்திரம். ஆனால் அவர் முதல் சுற்றில் போட்டதற்கும் ஐந்தாம் சுற்றில் போட்டதற்கும் வித்தியாசம் உண்டு. முதலில் போட்டது அவர் அப்போதே வேண்டாம் என்று முடிவு செய்தது. பின்னால் போட்டது நெடுநேரம் வைத்திருந்து விட்டது. அதன் பக்கத்துச் சீட்டு இன்னும் அவர் கையில் இருக்கலாம்.

மூன்றாவது அடையாளம் இறந்த சீட்டு. ஒரு சீட்டின் இரண்டு பிரதியும் நம் கண்ணில் பட்டுவிட்டால் அதன் அக்கம்பக்கம் மெலிந்துவிடும். ஆட்டின் எட்டு ஒன்று நம் கையில், இன்னொன்று கீழே விழுந்துவிட்டது என்று வையுங்கள். ஆட்டின் ஒன்பதுக்கு மூன்று வழி இருந்தது: ஏழு எட்டு ஒன்பது, எட்டு ஒன்பது பத்து, ஒன்பது பத்து ஜாக்கி. ஜோக்கர் இல்லாமல் முதல் இரண்டும் இனி நடக்காது. மிச்சம் ஒரு வழி. அந்த ஒன்பதைத் துணிந்து போடலாம்.

சீனாவில் பிறந்த மாஜாங் ஆட்டத்திலும் ஒன்று எடுத்து ஒன்று போடுவதே முறை. ஜப்பானில் அதை ஆடும்போது, ஒவ்வொருவரும் போட்ட கட்டைகளைத் தம் முன்னே போட்ட வரிசைப்படி அடுக்கி வைப்பார்கள். யார், எதை, எப்போது வேண்டாம் என்றார் என்று எல்லோரும் பார்த்து ஆடலாம். நம் ரம்மியில் போட்ட சீட்டு ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து மறைந்துவிடுகிறது. அங்கே கண் செய்யும் வேலையை இங்கே நினைவு செய்ய வேண்டும். எல்லோர் சீட்டையும் நினைவு வைக்க முடியாதவர்கள், கீழ்க்கை எடுத்ததையும் போட்டதையும் மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நூறு பேர் பாக்கி இருந்தாலும் பெரிய பாக்கி பத்துப் பேரை மனத்தில் வைத்திருக்கிறோம் அல்லவா? அது போலத்தான்.

மூன்றாம் கேள்வி: எடை என்ன?

சேராத ராஜா 10 புள்ளி, சேராத மூன்று 3 புள்ளி. ஆகவே தனியாக நிற்கும் பெரிய சீட்டை முதல் இரண்டு மூன்று சுற்றில் இறக்கிவிட வேண்டும் என்பது பொது விதி. அப்போது கீழ்க்கைக்கும் வரிசை சேர்ந்திருக்காது, நாம் போடுவது அவருக்கு உதவும் வாய்ப்பு குறைவு. பத்தாவது சுற்றில் அதே ராஜா ஆபத்தானது. எதிரியின் கை இறுகியிருக்கும், அவர் ஒரு சீட்டுக்காகவே காத்திருப்பார். நாட்பட்ட சரக்கைத் தள்ளுபடியில் தள்ள வேண்டிய நாள் அது வண்டு வைத்த நாளல்ல, அதற்கு முந்தைய மாதம்.

இன்னொரு பக்கமும் உண்டு. எல்லோரும் பெரிய சீட்டைத் தொடக்கத்தில் போடுவதால், ராஜா ராணி ஜோடி வைத்திருப்பவருக்கு மேல்கையிடமிருந்து ஜாக்கியோ ஆஸோ முதல் சுற்றுகளிலேயே வரக்கூடும். மூன்று சுற்று பார்க்கலாம். வராவிட்டால் ஜோடியைக் கலைத்துவிட வேண்டும். நாலாம் சுற்றில் மனம், இவ்வளவு நேரம் வைத்தாயிற்றே என்று சொல்லும். வைத்திருந்த நேரம் சீட்டின் மதிப்பைக் கூட்டாது.

தூண்டில்

நம்மிடம் ஆட்டின் ஏழும் எட்டும் இருக்கின்றன. ஆட்டின் ஒன்பது வேண்டும். கையில் கிளாவர் ஒன்பது தனியாக நிற்கிறது. அதைக் கீழே போட்டால், இவருக்கு ஒன்பது வேண்டாம் என்று மேல்கை நினைத்து ஆட்டின் ஒன்பதை விடக்கூடும். இதைத் தூண்டில் என்பார்கள். இது முறையான ஆட்டமே, ஏமாற்று அல்ல. ஆனால் தூண்டிலில் புழுவும் செலவாகும். அந்தக் கிளாவர் ஒன்பது கீழ்க்கைக்குப் போகிறது. மேல்கை மீனைத் தருவதற்குள் கீழ்க்கை புழுவைத் தின்று டிக் அடித்துவிடலாம். அவருக்கு அது வேண்டாம் என்று அறிந்த பிறகே தூண்டில் போட வேண்டும்.

ஸ்கூட்

கழிப்பதில் பெரியது கை முழுவதையும் கழிப்பது. 101 ஆட்டத்தில், சீட்டு எடுப்பதற்கு முன்பே ஸ்கூட் அடித்தால் 20 புள்ளி, ஆடத் தொடங்கிய பின் விலகினால் 40, முழுக்கத் தோற்றால் 80. ஜோக்கர் இல்லை, ஒரே பூவில் அடுத்தடுத்த ஜோடியும் இல்லை, பெரிய சீட்டு நான்கைந்து நிற்கிறது என்றால் 20 கொடுத்து எழுவதே மலிவு. ஐந்து முறை ஸ்கூட் அடித்தாலும் 100 புள்ளிதான், இன்னும் ஆட்டத்தில் இருப்போம். ஆறாவது முறை வெளியே. ஆகவே ஸ்கூட் மட்டுமே அடித்து ஜெயித்தவர் கிடையாது, ஸ்கூட் அடிக்கவே தெரியாதவரும் கடைசி வரை நின்றது கிடையாது.

வீம்புக்கு உட்கார்ந்து, அரைக் கிணறு தாண்டியபின் 40 கொடுத்து விலகுபவர்களே அதிகம். முதலில் எழுந்திருந்தால் பாதிச் செலவு.

பயிற்சிக் கணக்கு

இதுவரை படித்ததைச் சோதித்துப் பார்க்க ஒரு கை தருகிறோம். வெட்டு ஜோக்கர் நான்கு. அச்சிட்ட ஜோக்கர் சேர்க்காத மேசை. சீட்டு எடுத்த பின் நம்மிடம் 14 சீட்டு:

ஆட்டின் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. இரண்டு மூன்று பூவில், ஒரு செட். டைமன் ஒன்பது, பத்து. கிளாவர் நான்கு, இது ஜோக்கர். கிளாவர் எட்டு, பத்து. மிச்சம் இரண்டு: இன்னொரு ஆட்டின் ஆறு, இஸ்பேட் ராஜா.

கீழ்க்கை இரண்டு சுற்றுக்கு முன் இஸ்பேட் ராணியைத் திறந்த சீட்டிலிருந்து எடுத்தார். தொடக்கத்தில் ஆட்டின் ஐந்தும் டைமன் ஆறும் போட்டிருக்கிறார். எதை இறக்குவீர்கள்?

விடை வருமாறு. ஆட்டின் நான்கு சீட்டும் ஒரிஜினல். டைமன் ஒன்பது பத்தோடு ஜோக்கர் சேர்ந்து இரண்டாம் சீக்வென்ஸ். இரண்டு செட் ஆகிவிட்டது. கிளாவர் எட்டுக்கும் பத்துக்கும் நடுவே ஒன்று வந்தால் டிக். கிளாவர் ஒன்பது 2 சீட்டு. டைமன் எட்டோ ஜாக்கியோ வந்தால் ஜோக்கர் விடுபட்டுக் கிளாவருக்குப் போகும், அவை 4 சீட்டு. ஜோக்கர் நான்குகள் எட்டில் ஒன்று வெட்டில், ஒன்று நம்மிடம், மிச்சம் 6. இவற்றில் எதுவும் இன்னும் கீழே விழவில்லை என்றால், மொத்தம் 12 சீட்டு நம்மை முடிக்கும்.

ஆறைப் போட்டாலும் ராஜாவைப் போட்டாலும் இந்த 12 மாறாது. ஆகவே முதல் கேள்வி இங்கே தீர்ந்துவிட்டது. எடையைப் பார்த்தால் ராஜாவைப் போடத் தோன்றும். கிளாவர் எட்டும் பத்தும் 18. ராஜா நின்றால் 28 புள்ளி, ஆறு நின்றால் 24. வித்தியாசம் 4. ஆனால் கீழ்க்கை இஸ்பேட் ராணி எடுத்தவர், ராஜா அவருக்கு வாசற்படி. ஆட்டின் ஆறோ, அவருக்கு ஏறக்குறைய பயனற்றது. ஆட்டின் ஐந்து ஒன்று நம்மிடம், ஒன்றை அவரே போட்டார், இரண்டும் இறந்தன. ஏழும் எட்டும் ஒவ்வொன்று நம்மிடமே இருக்கின்றன. டைமன் ஆறை விட்டவர் ஆறு செட் சேர்ப்பவராகத் தெரியவில்லை.

ஆறைப் போடுங்கள். அந்த 4 புள்ளி இன்சூரன்ஸ் பிரீமியம். நமக்கு வேண்டியது வந்ததும் ராஜாவை வைத்து டிக் அடித்தால், அது எதிரி கைக்குப் போகவே போகாது.

நாம் கழிக்கத் தவறிய ராஜா

இனி முதலில் சொன்ன விஷயத்துக்கு வருவோம்.

நம் கடையில் சரக்கெடுத்து வந்த மளிகைக்காரர் ஒருவர் சீட்டில் கெட்டிக்காரர். கல்யாண வீட்டு மேசையில் அவருக்குக் கீழ்க்கையாக உட்கார யாரும் விரும்பமாட்டார்கள், ஒரு நல்ல சீட்டும் விடமாட்டார். சனிக்கிழமை தவறாமல் பணம் கட்டுபவர். 2022ஆம் ஆண்டு அந்தச் சனிக்கிழமை பதினைந்து நாள் ஆயிற்று, பிறகு ஒரு மாதம் ஆயிற்று. கேட்டால் வசூல் மந்தம் என்பார். நாமும் நம்பினோம். நம்பினோம் என்பதை விட, நல்ல கணக்கை விட மனமில்லை என்பதே உண்மை. மூன்று மாதம் பாக்கிமேல் பாக்கியாகச் சரக்குப் போட்டோம். தீபாவளிக்கு முன்பு ஒரு நாள் இரவு, கடை சாத்தும் நேரத்தில் வந்து நின்றார். செல்போனில் பணம் கட்டி ரம்மி ஆடிக் கடை முதலே போய்விட்டது என்றார். வீட்டில் யாருக்கும் தெரியாது.

"இவ்வளவு நல்லா ஆடுற நீங்களா?" என்று கேட்டோம்.

"அண்ணே, மேசையில சீட்டைப் போடத் தெரிஞ்ச எனக்கு, அந்தப் போனைக் கீழ போடத் தெரியலையே" என்று சொல்லி அழுதுவிட்டார்.

பிறகு அவர் சொல்லச் சொல்லப் புரிந்தது. மேசையில் ஒரு ஆட்டம் முடிந்தால் சீட்டு கலைக்க நேரம் ஆகும், டீ வரும், ரயில் நிற்கும். செல்போனில் ஒன்று முடியுமுன் இன்னொன்று தயார். எதிரே இருப்பவர் யார், எப்படி ஆடுவார் என்று தெரியாது. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பில் ஸ்கூட் அடிக்க வேண்டிய கையை எல்லாம் ஆடியிருக்கிறார். திறமை ஆட்டம் என்பதே அவரைப் பிடித்து வைத்த கயிறு. அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தால் விட்டிருப்பார். நமக்குத்தான் தெரியுமே, அடுத்த கையில் எடுத்துவிடலாம் என்று நினைத்தார். தவிரவும், பணம் வைத்து நடத்தும் ஆட்டத்தில் நடத்துபவர் ஒவ்வொரு கைக்கும் தம் பங்கை எடுத்துக்கொள்வார். சமமாக ஆடும் இருவர் நெடுநாள் ஆடினால் இருவருமே கரைவார்கள்.

அவரைக் குறை சொல்லி எழுத நமக்குத் தகுதியில்லை. அந்த மூன்று மாதம் நாமும் சேராத ராஜாவைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம். முதல் மாதமே கடனை நிறுத்தி உட்கார வைத்துப் பேசியிருந்தால் நம் பாக்கியும் குறைந்திருக்கும், அவர் நஷ்டமும் குறைந்திருக்கும். அந்த இரவு அவர் வீட்டுக்கு நாமே கூடப் போய்ப் பெரியவர்களிடம் சொல்ல வைத்தோம். ரொக்கத்துக்கு மட்டும் சரக்கு, பழைய பாக்கிக்கு மாதத் தவணை என்று எழுதிக்கொண்டோம். கடை இன்றும் திறந்திருக்கிறது. தவணை இன்னும் முடியவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் அன்பர்கள் அறிய வேண்டும். தமிழ்நாடு அரசு 2021இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தை அந்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் புதிய சட்டம் வந்து, 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்றது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றாலும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்பதால் தடைப் பட்டியலில் சேராது என்றது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்று பிரிக்காமல், இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார்.

1967 தீர்ப்பு சொன்னது ரம்மியில் திறமை பெரிது என்பது. அந்தத் திறமை கடை முதலைக் காப்பாற்றும் என்று அது சொல்லவில்லை. நம் மாவட்டத்து வியாபாரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரை கடந்தபோது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. நன்றாகத் தோப்பு வளர்த்தவர் மரமும் விழுந்தது, வளர்க்காதவர் மரமும் விழுந்தது. திறமை உள்ளவருக்கும் கெட்ட சீட்டு வரும். அன்றைக்கு எழுந்து போக முடிகிற அளவில் பந்தயம் இருக்க வேண்டும். டீக்காசு அந்த அளவு. தீபாவளிச் சரக்குப் பணம் அந்த அளவு அல்ல.

சுருக்கம்

ஒன்று: ஒரிஜினல் சேரும் வரை அதற்கான ஜோடியைக் கலைக்காதீர்கள். இரண்டு: தனிப் பெரிய சீட்டைத் தொடக்கத்திலேயே இறக்குங்கள், கடைசிச் சுற்றில் யோசித்து இறக்குங்கள். மூன்று: ஒரு பூவின் இரட்டைச் சீட்டில் ஒன்றை முதலில் கழியுங்கள். நான்கு: கீழ்க்கை எடுத்ததையும் போட்டதையும் நினைவில் வையுங்கள். ஐந்து: நாலைந்து புள்ளி அதிகமானாலும் பத்திரமான சீட்டையே போடுங்கள். ஆறு: கை சரியில்லை என்றால் முதலிலேயே ஸ்கூட் அடியுங்கள்.

கடைக்கும் இவையே பொருந்தும். இந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, கடையின் பின்கட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இருப்பையும் பாக்கிச் சிட்டையையும் பாருங்கள். இவ்வளவு நாள் வைத்தாயிற்றே என்ற ஒரே காரணத்துக்காக நிற்கும் சரக்கு எது, கடன் எது என்று குறியுங்கள். அதில் ஒன்றை மட்டும், அளந்து, இந்த வாரமே இறக்குங்கள்.